கொடாநிலையும் இரட்டை வழக்கும்: கணினியின் கட்டளை ஷெல்லை மாற்றுவது பற்றி



தமிழ் மொழியியல் படித்தவன் இத்தகைய மேடையில் புணர்ச்சியைப் பற்றியோ மலேசியத் தமிழின் கடன்சொற்களைப் பற்றியோ பேசுவதே வழக்கம். லினக்ஸ் கணினியில் கட்டளை ஷெல்லை மாற்றுவது பற்றிப் பேச விரும்புகிறேன் என்று நான் எழுதியனுப்பியபோது, பொறுப்பாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, வேறு கூட்டத்துக்குரிய தலைப்பு தவறி இங்கே வந்துவிட்டதோ?” என்று மெல்லக் கேட்டார். தவறி வரவில்லை. ஷெல் என்பது மனிதன் எழுத்தால் கணினியோடு பேசும் மொழி. அதற்கு வினை உண்டு, தொடரமைப்பு உண்டு, கிளைமொழிகள் உண்டு, பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்கூட உண்டு. அந்தக் கடைசிச் செய்தியை நான் நூல்களில் கற்கவில்லை. ஒரு பிழை செய்து கற்றேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓய்வு பெற்றபின் நான் செய்துவரும் வேலை பெரும்பாலும் சொற்களை எண்ணுவதுதான். ஜொகூர்த் தமிழர் சிலரின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுகிறேன். 12 பேர், ஆளுக்கொரு கோப்பு. என் கணினியில் இருப்பது லினக்ஸ். அதன் கட்டளை ஷெல்லை, இளைஞர் ஒருவரின் பரிந்துரைப்படி, ‘இசட் ஷெல்’ என்பதற்கு மாற்றி வைத்திருந்தேன். எண்ணுவதற்கான சில வரிகளை அந்த ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதியிருந்தேன். ஆசிரியர் சிலர் அதே பயிற்சியைத் தம் மாணவர்க்குக் கொடுக்க விரும்பியபோது, அந்த வரிகளை அப்படியே அவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் கணினிகளில் இருந்தது, லினக்ஸோடு வழக்கமாக வரும் ‘பாஷ்’ ஷெல். வரிகளை ஒட்டினார்கள்; இயக்கினார்கள்; அட்டவணை வந்தது. எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் அட்டவணையில் ‘பசியாறுதல்’ என்ற சொல் ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. காலை உணவு உண்பதை நம் நாட்டில் பசியாறுதல் என்கிறோம். என் கணக்கில் அது முன்வரிசையில் நின்ற சொல். தேடிப் பார்த்ததில், முதற்கோப்பு முழுவதுமே அவர்கள் கணக்கில் ஏறவில்லை என்று தெரிந்தது. முதற்கோப்பு ஒரு மூதாட்டியின் பேச்சு. கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 12 பேரில் மூத்தவர். அவர் பேசிய அவ்வளவும் ஒரு சத்தமும் இல்லாமல் மறைந்துபோயிருந்தது.

காரணம் இதுதான். ஒரு பட்டியலில் உள்ளவற்றை எண்ணும்போது இசட் ஷெல் 1 முதல் எண்ணுகிறது. பாஷ் 0 முதல் எண்ணுகிறது. நான் ‘1 முதல் 12 வரை’ என்று எழுதியிருந்தேன். பாஷுக்கு 1 என்பது இரண்டாவது கோப்பு. முதற்கோப்பு விடுபட்டது, 12 என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத கோப்பைத் திறக்கச் சொன்னதற்குப் பிழைச் செய்தி ஒன்று வந்திருக்க வேண்டும். பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாதே என்ற குறியையும் நானே அந்த வரிகளில் இட்டிருந்தேன். திரை அழகாக இருக்கட்டும் என்ற எண்ணம். இதில் கணினியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

மொழி ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. யாழ்ப்பாணத்தார் ‘கதைத்தோம்’ என்றால் பேசினோம் என்று பொருள். அதே சொல்லைத் தமிழ்நாட்டார் கேட்டால், இல்லாததைக் கட்டிச் சொன்னோம் என்று கொள்ளக்கூடும். புரியாத சொல் தீங்கு செய்யாது. அது என்ன என்று கேட்டுவிடுவோம். புரிந்ததுபோல் தோன்றி வேறு பொருள் தருவதே இடர். இசட் ஷெல்லும் பாஷும் அவ்வளவு நெருங்கிய கிளைமொழிகள்.

இனிச் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இயங்குதளத்தின் உள்ளே வன்பொருளோடு நேரே உறவாடும் பகுதியைக் கெர்னல் என்பர். விதைக்குள் இருக்கும் பருப்பு என்பது பொருள். அதைச் சூழ்ந்து, வெளியே இருப்பவரின் சொல்லை உள்ளே கொண்டுசெல்வது ஷெல், அதாவது ஓடு. மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் உருவான காலத்தில், 1960களின் நடுவில், லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. தமிழில் ‘ஓடு’ என்றே சொல்லலாம்; சிலர் சொல்கிறார்கள். ஆனால் கட்டளைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘ஓடு’ என்பது ஏவல் வினையாகவும் நிற்கும். ‘ஓடு மாறியது’ என்றால் விளங்கும். ‘புதிய ஓடு ஓடவில்லை’ என்றால் மாணவர் சிரிப்பார்கள். ஆகவே இவ்வுரையில் ஷெல் என்றே வழங்குகிறேன். நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

இன்னொரு சொல்தான் எனக்கு மிக விருப்பமானது. பயனர் எதையும் தெரிவு செய்யாதபோது கணினி தானாகக் கொள்ளும் நிலைக்கு முன்னிருப்பு, இயல்பிருப்பு, இயல்புநிலை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ‘கொடாநிலை’ என்றும் ஒரு சொல் கலைச்சொல் பட்டியல்களில் காணப்படுகிறது. கொடாத நிலை என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மற்றச் சொற்கள், அது முன்பே இருந்தது அல்லது இயல்பாக அமைந்தது என்ற எண்ணத்தைத் தருகின்றன. கொடாநிலை என்ற சொல்லோ, நீ ஒன்றும் கொடுக்கவில்லை, ஆதலால் இது நிற்கிறது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நம் இலக்கணத்துக்கும் இக்கருத்து அந்நியமில்லை. பெயர்ச்சொல்லுக்கு உருபு ஒன்றும் கொடாவிட்டால் அது எழுவாய் வேற்றுமை. வினையடிக்கு விகுதி ஒன்றும் கொடாவிட்டால் அது ஏவல் ஒருமை: செய், எடு, நட. கணினிக் கட்டளைகள் எல்லாமே இப்படி வெறும் வினையடிகளாக நிற்பவைதாம். கணினியிடம் எவரும் ‘எடுங்கள்’ என்று சொல்வதில்லை. மரியாதைப் பன்மை இல்லாமல் நாம் பேசும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. லினக்ஸில் பயனர் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அவ்வரியில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள். ஏழாவது புலத்தில் அவருடைய ஷெல்லின் முகவரி இருக்கும். புதிய ஷெல்லை முதலில் நிறுவ வேண்டும். நிறுவியதும், ‘ஷெல்ஸ்’ என்ற பெயருடைய அமைப்புக் கோப்பில் அதன் முகவரி ஏறியிருக்கும். பிறகு, ‘ஷெல்லை மாற்று’ என்பதன் சுருக்கமாகிய சி-எச்-எஸ்-எச் என்ற கட்டளையோடு அந்த முகவரியைத் தந்து கடவுச்சொல்லைத் தட்டினால், ஏழாவது புலம் மாறிவிடும். அந்தக் கோப்பில் இல்லாத முகவரியைச் சாதாரணப் பயனர் கொடுத்தால் கட்டளை ஏற்க மறுக்கும். அது நல்ல காவல். மாற்றம் உடனே தெரியாது. வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். மாணவர் பலர் இங்கேதான் குழம்பி, கட்டளை வேலை செய்யவில்லை என்று மூன்று நான்கு முறை தட்டுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ரூட் எனப்படும் முதன்மைப் பயனரின் ஷெல்லைத் தொடாதீர்கள். உங்கள் ஷெல்லில் கோளாறு நேர்ந்தால் நுழைந்து சரிசெய்வதற்கு அந்த ஒரு வழிதான் திறந்திருக்கும். அடுத்தது, உள்நுழைவு ஷெல்லாக வைத்துக்கொண்ட ஒன்றைக் கணினியிலிருந்து நீக்குவதற்கு முன், ஏழாவது புலத்தைப் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் கணினி உங்களை உள்ளே விட மறுக்கும். பள்ளிக் கணினிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைவிட எளிது. பதிவேட்டைத் தொடாமல், முனையச் சாளரத்தின் அமைப்பில் மட்டும், ‘திறந்தவுடன் இந்த ஷெல்லை இயக்கு’ என்று குறித்துவிடலாம். வீட்டுக்குள் எந்த உடையும் உடுத்தலாம். அடையாள அட்டையில் படம் பழையதாகவே இருக்கட்டும்.

இனி வழக்குகளுக்கு வருகிறேன். ‘கொடாநிலை ஷெல்’ என்று ஒருமையில் சொல்கிறோமே, லினக்ஸில் அது உண்மையில் இரண்டு. ஒன்று, நான் முனையத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி பேசும் ஷெல். மற்றொன்று, எஸ்-எச் என்ற இரண்டெழுத்துப் பெயரால் அமைப்பு முழுவதும் அழைக்கும் ஷெல். எழுதிவைத்த கட்டளைக் கோப்புகள் பல இதைக்கொண்டே இயங்குகின்றன. முதலாவது பேச்சு, இரண்டாவது எழுத்து. சி-எச்-எஸ்-எச் மாற்றுவது முதலாவதை மட்டும்தான். இணையத்தைப் பார்த்து ஆர்வத்தோடு மாற்ற முனையும் இளைஞர்களில் பெரும்பாலோர்க்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

எழுத்து வழக்கின் முன்னோர் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அல்கால் 68 என்ற நிரல்மொழியில் அவருக்குப் பற்று அதிகம். ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனைத் தொடரை, அதே எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘ஃபி’ என்று முடிப்பார். ‘கேஸ்’ என்று தொடங்கியதை ‘ஈசாக்’ என்று முடிப்பார். மாலைமாற்றுப் பாடிய மரபினர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. ‘டூ’ என்று தொடங்குவதை ‘ஓட்’ என்று முடிக்க முடியவில்லை. அந்தப் பெயரில் வேறொரு கட்டளை முன்பே இருந்தது. ஆகவே ‘டன்’ என்று முடித்தார். இலக்கணத்தில் விதிவிலக்குகள் எப்படித் தோன்றுகின்றன என்று கேட்கும் மாணவர்க்கு நான் இதைத்தான் சொல்வேன். சொல் வேண்டிய இடத்தில் வேறொரு சொல் ஏற்கனவே குடியிருந்தது, அவ்வளவுதான்.

1989இல் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் பாஷை உருவாக்கினார். போர்னின் ஷெல்லைத் தழுவியது என்ற பொருளோடு, மறுபிறவி எடுத்தது என்ற பொருளும் தொனிக்க, அதன் பெயரே ஆங்கிலத்தில் ஒரு சிலேடை. மறு ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டாட் இசட் ஷெல்லை எழுதினார். 2005இல் ஃபிஷ் வந்தது. நீங்கள் தட்டத் தொடங்கியதும் மீதியைச் சாம்பல் நிறத்தில் காட்டித் தரும் இனிய ஷெல் அது; ஆனால் போர்ன் மரபின் தொடரிலக்கணத்தை வேண்டுமென்றே கைவிட்டது. பேச்சு மொழிகள் இப்படித்தான் வளர்கின்றன: விரைவை நோக்கி, வசதியை நோக்கி, கைக்கு இதமானதை நோக்கி.

எழுத்து மொழியோ வேறு வழியில் சென்றது. லினக்ஸ் உலகில் நெடுங்காலம் எஸ்-எச் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னே இருந்ததும் பாஷ்தான். பேச்சும் எழுத்தும் ஒன்றே என்ற நிலை. 2006 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 6.10 பதிப்பில், எஸ்-எச் என்றால் இனி ‘டாஷ்’ என்று மாற்றினார்கள். டாஷ் சிறியது, விரைவானது. போர்ன் மரபின் பொதுவிதிகளை மட்டுமே அறிந்தது. கணினி தொடங்கும்போது நூற்றுக்கணக்கான சிறு கட்டளைக் கோப்புகள் ஓட வேண்டியிருந்த காலம், விரைவுதான் நோக்கம். உடனே ஏராளமான கோப்புகள் பழுதாயின. ‘இது எஸ்-எச் மொழியில் எழுதியது’ என்று முதல் வரியில் அறிவித்துவிட்டு, உள்ளே பாஷின் பேச்சு வழக்கைக் கலந்து எழுதியிருந்தார்கள். இத்தனை நாளும் இரண்டும் ஒன்றாக இருந்ததால் எவருக்கும் தெரியவில்லை. டெபியன் குழுவினர் இக்கலப்புகளுக்குத் தனிப்பெயரே வைத்து, அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியும் செய்து, 2011இல் வெளிவந்த தம் ஆறாம் பதிப்பில் அதே மாற்றத்தை நிறைவேற்றினர்.

கட்டுரை ஏடு திருத்தும் ஆசிரியர்களே, இக்காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதானே? ‘வந்துக்கிட்டு இருந்தாங்க’ என்று மாணவர் எழுதுகிறார். அவர் வீட்டில் அது பிழையில்லாத தமிழ். கட்டுரை ஏட்டில் சிவப்பு மை விழுகிறது. ‘வீட்டில் இப்படித்தான் பேசுகிறோம், டீச்சர்’ என்பதே அவர் பதில். ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதியபோது சொன்னதும் இதுதான். இரு வழக்குகளும் உயர்வு தாழ்வாகக் கருதப்படினும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி உண்டு. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டம் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையிலேயே இடம் தந்திருப்பதும் இப்புரிதலால்தான்.

2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. பாஷின் தொடக்க ஆண்டாகிய 1989 முதலே அதில் இருந்த குறை அது. எஸ்-எச் என்பதற்குப் பாஷையே வைத்திருந்த கணினிகளில், வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்கள் அறியாமலே பாஷ் வரை சென்றன. டெபியன், உபுண்டு கணினிகளில் எழுத்து வழக்கு டாஷாக இருந்தமையால், அவற்றுக்கு ஆபத்து முற்றிலும் நீங்காவிடினும் குறைந்தது. விரைவுக்காகப் பிரித்தது வேறொன்றுக்கு உதவிற்று.

ஆப்பிள் நிறுவனம் 2019இல், கேட்டலினா பதிப்பில், புதிய பயனர்க்குரிய கொடாநிலையைப் பாஷிலிருந்து இசட் ஷெல்லுக்கு மாற்றியது. பாஷின் புதிய பதிப்புகளுக்குரிய உரிமம் அந்நிறுவனத்துக்கு உவப்பாக இல்லை என்பதே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். பாஷின் பழைய பதிப்பு ஒன்றையே அதுவரை வைத்திருந்தார்கள். ஆக, மாணவர் ஒருவர் மேக் கணினியில் எழுதியதை ஆசிரியர் லினக்ஸில் ஓட்டிப் பார்க்கும்போது, நான் செய்த பிழை இன்று எந்த வகுப்பறையிலும் நிகழலாம். ஒருவரும் எதையும் மாற்றாமலே நிகழலாம்.

இதற்கு மருந்து சிறியது. கட்டளைக் கோப்பின் முதல் வரியில், இது எந்த ஷெல்லின் மொழியில் எழுதப்பட்டது என்று அறிவிக்க இடம் உண்டு. ஒரு கட்டக்குறி, ஒரு வியப்புக்குறி, பிறகு ஷெல்லின் முகவரி. அதைக் கண்டால் கணினி, உங்கள் சொந்த ஷெல் எதுவாயினும், அறிவிக்கப்பட்ட ஷெல்லையே அழைக்கும். என் வரிகளைத் தொடக்கக் கோப்பில் ஒட்டும்படி கொடுக்காமல், தனிக்கோப்பாக்கி முதல் வரியில் இசட் ஷெல் என்று அறிவித்திருந்தால், அது இல்லாத கணினிகளில் கோப்பு ஓடியே இராது, இயக்கியவுடன் நின்றிருக்கும். மூதாட்டியின் பேச்சு இல்லாத அட்டவணை பிறந்திராது. இப்போது பிறர்க்குக் கொடுக்கும் எதையும் பொதுவிதி எழுத்து வழக்கில்தான் எழுதுகிறேன். என் மேசையில் பேச்சு இன்னும் இசட் ஷெல்தான். பிழைச் செய்தியை மறைக்கும் குறியை விட்டொழித்தேன்.

இதுவரை சொன்னது பிரிவுகளைப் பற்றி. ஷெல் மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று தமிழருக்கு மிக நெருக்கமானது. அதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளைக்குள் செலுத்தும் குழாய் முறை 1973இல் யூனிக்ஸில் வந்தது. டக் மக்கில்ராய் வலியுறுத்த, கென் தாம்சன் அமைத்தார். தனிக் கட்டளை ஆங்கில முறைப்படி வினையை முதலில் வைக்கும். ஆனால் குழாய்த்தொடர் நம் வினையெச்சத் தொடர்போல நடக்கும். நூலை எடுத்து, சொல் சொல்லாகப் பிரித்து, வரிசையாக அடுக்கி, ஒத்தவற்றைச் சேர்த்து எண்ணி, மிகுந்ததை முதலில் காட்டு. ஐந்து கட்டளைகள், நான்கு குழாய்கள். எச்சம் எச்சமாகச் சென்று முற்றில் முடிகிறது. ஆங்கிலத்தில் இத்தொடரை விளக்கப் பல ‘பிறகு’கள் வேண்டும். தமிழ் மாணவர்க்கு ஒரு வாக்கியம் போதும். வகுப்பில் முதலில் தமிழ் வாக்கியத்தை எழுதச் சொல்லி, ஒவ்வொரு எச்சத்தின் கீழும் கட்டளையை எழுதச் சொல்லுங்கள்.

1986இல் மக்கில்ராய் இதே சொற்கணக்கை ஆறே கட்டளைகளில் செய்து காட்டியது கணினியியலில் பெயர்பெற்ற நிகழ்ச்சி. அந்த ஆறில் ஒன்று பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்குவது. தமிழுக்கு அது வேண்டாம். ஆனால் மற்ற ஐந்தையும் அப்படியே தமிழ் நூலுக்கு இட்டால் ஒரு சொல்லும் வராது. ஏனெனில் முதற்கட்டளை, ரோமன் எழுத்தல்லாத எதையும் வெற்றிடமாகக் கொள்கிறது. அங்கேயும் ஒரு கொடாநிலை: எழுத்து என்றால் எந்த எழுத்து என்று எவரும் கேட்காத காலத்தில் எழுதப்பட்டது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள்; மூன்று என்பார். பாஷைக் கேளுங்கள்; மொழிச்சூழல் யூனிகோடாக இருந்தால் ஐந்து என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. இசட் ஷெல்லும் ஐந்துதான். என் கணினியிலுள்ள டாஷைக் கேட்டால் பதினைந்து என்கிறது. அது எழுத்தையே பார்ப்பதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. எந்த ஷெல்லுக்கு மாறினாலும் மூன்று என்ற விடை கிடைப்பதில்லை. முனையச் சாளரத்தின் நிலையும் இதே. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்ற அமைப்பில் பிறந்த பலவற்றில், கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகச் சிதறுகின்றன. தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பயன்படுத்தலாம். ஆனால் திரையில் கண்டதை நம்பித் திருத்தாதீர்கள்.

அகரவரிசையும் அப்படியே. மொழிச்சூழல் ஒன்றும் கொடாதபோது அடுக்கும் கட்டளை யூனிகோடு எண்களின் வரிசையைப் பின்பற்றும். அதில் னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன் நிற்கும். ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே புகுந்துகொள்ளும். அகராதி வேலை செய்பவர்க்கு அது பயன்படாது. எனவே மொழிச்சூழலைத் தமிழ் என்று கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனேன். லினக்ஸின் அடிப்படை நூலகம் தரும் பட்டியலில் இந்தியத் தமிழ் இருந்தது; இலங்கைத் தமிழ் இருந்தது. மலேசியாவுக்கு மலாய் இருந்தது. சிங்கப்பூருக்கு ஆங்கிலமும் சீனமும் இருந்தன. மலேசியத் தமிழோ சிங்கப்பூர்த் தமிழோ இல்லை. யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, இங்கே இல்லை. ஜொகூரில் உட்கார்ந்திருக்கும் நான் என் கணினியிடம் தமிழ் பேச வேண்டுமானால், இந்தியாவில் இருப்பதாகவோ இலங்கையில் இருப்பதாகவோ சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பணத்துக்கு அது ரூபாய்க் குறி இடுகிறது.

அந்தக் கோப்பை எழுதுவது பெரிய வேலையன்று. கிழமைப் பெயர், மாதப் பெயர், நாள் எழுதும் முறை, நாணயக் குறி, எழுத்து வரிசை ஆகியவற்றைக் குறித்து, உரிய குழுவுக்கு அனுப்ப வேண்டும். மாணவர் இருவரோடு தொடங்கியிருக்கிறேன். நாணயத்துக்கு ‘ரிங்கிட்’ என்பதா, நம் மக்கள் சொல்லும் ‘வெள்ளி’ என்பதா என்று ஒரு வாரம் வாதிட்டோம். வெள்ளி என்றால் கிழமையோடு மயங்குமே என்பது ஒருவர் கட்சி. பாட்டி ஐந்து வெள்ளி என்றபோது நாம் யாரும் மயங்கவில்லையே என்பது மற்றவர் கட்சி. எட்டாம் மாதத்தை ‘ஆகஸ்ட்’ என எழுதுவதா ‘ஆகஸ்டு’ என எழுதுவதா என்பதிலும் இன்னும் உடன்பாடு இல்லை. சொல்லிறுதியில் வல்லின மெய் வராது என்று நான் சொல்கிறேன். நாளிதழில் அப்படியா இருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். கேள்வி நேரத்தில் உங்கள் கருத்தை எழுதிக்கொடுத்தால், கோப்பை அனுப்புவதற்கு முன் சேர்த்துக்கொள்வோம்.